இருத்தலியலும் விரக்திப் பட்டியலும்: சுதந்திரத்தைக் கைவிட்ட ஆய்வுமுறைக்கு ஒரு மறுப்பு

முன்னுரை

தமிழ் நவீன இலக்கிய ஆய்வில் இருத்தலியல் என்னும் சொல் புதியதன்று. எக்ஸிஸ்டென்ஷியலிசம் குறித்த எஸ்.வி. ராஜதுரையின் அறிமுக நூல் 1975இல் வெளிவந்தது. ஆல்பெர் காம்யுவின் புதினம் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் ‘அந்நியன்’ என்னும் பெயரில் 1980இல் தமிழுக்கு வந்தது. சார்த்தரின் நாடகம் ‘மீள முடியுமா?’ என்னும் பெயரிலும், காஃப்காவின் புதினம் ‘விசாரணை’ என்னும் பெயரிலும் பின்னர்க் கிடைத்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் கால வாசிப்பிற்குப் பின்னரும் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலவற்றில் இச்சொல் ஒரே குறுகிய பொருளில் வழங்கி வருகிறது. தனிமை, சலிப்பு, அந்நியமாதல், அபத்தம், மரண அச்சம் ஆகிய ஐந்தும் ஒரு படைப்பில் தென்பட்டால் அது இருத்தலியல் படைப்பு, தென்படாவிடின் அன்று. இவ்வைந்தனுள் சுதந்திரம் இடம்பெறவில்லை. தேர்வும் பொறுப்பும் இடம்பெறவில்லை.

ஒரு தத்துவத்தின் நடுநாயகமான கருத்தை அகற்றிவிட்டு, அதன் ஓரங்களில் கிடக்கும் உணர்ச்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்து அதற்கு அத்தத்துவத்தின் பெயரையே சூட்டுவது ஆய்வாகாது. இப்பட்டியல் முறை பிழையானது என்பதையும், அப்பிழையால் இழக்கப்படுவன யாவை என்பதையும் சில படைப்புகளின் துணைகொண்டு நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டியல் செயல்படும் விதம்

இவ்வகை ஆய்வேடுகளின் அமைப்பு அனைவரும் அறிந்ததே. முதல் இயலில் கீர்க்ககார்டு தொடங்கி நீட்சே, ஹைடெகர், சார்த்தர், காம்யு வரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தப்படுவர். அவர்களுக்கிடையே இருந்த பிணக்குகள் பேசப்படுவதில்லை. அடுத்த இயலில் ‘இருத்தலியல் கூறுகள்’ எண்ணிடப்படும். அதன்பின் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட புதினத்திலிருந்து ஒவ்வொரு கூற்றிற்கும் இரண்டு மூன்று மேற்கோள்கள் தரப்படும். பாத்திரம் ஒன்று சன்னலருகே நின்று வானத்தைப் பார்த்தால் தனிமை. அலுவலகம் செல்ல மனமில்லை என்றால் சலிப்பு. இடுகாட்டைக் கடந்து சென்றால் மரண உணர்வு. இறுதியில், இப்புதினம் இருத்தலியல் தாக்கம் பெற்றது என்னும் முடிபு எழுதப்படும்.

இம்முறையின் குறைபாடு வெளிப்படை. தனிமையும் சலிப்பும் மரண அச்சமும் எந்நாட்டு இலக்கியத்திலும் எக்காலத்திலும் உள்ளவை. நெடுநல்வாடையின் தலைவியும் தனித்திருக்கிறாள். எல்லாப் படைப்பிலும் காணக்கூடிய ஒன்றைக் கண்டறிவதால் எந்தப் படைப்பைப் பற்றியும் எதுவும் சொல்லப்பட்டதாகாது. மேலும், இம்முறை பாத்திரத்தின் உணர்வை நோக்குகிறதே ஒழிய அதன் செயலை நோக்குவதில்லை. இருத்தலியலாரோ மனிதனை அவன் செயலால் அளந்தவர்கள். மனிதன் முன்கூட்டியே வகுக்கப்பட்ட சாரம் எதனையும் கொண்டு பிறப்பதில்லை. தான் செய்வனவற்றின் தொகுதியாகவே அவன் ஆகிறான் என்பதே 1945 அக்டோபரில் பாரிசில் சார்த்தர் ஆற்றி, அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்த உரையின் சாரம். அவ்வுரை விரக்திவாதம் என்னும் குற்றச்சாட்டிற்கு விடையாக நிகழ்த்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. கம்யூனிஸ்டுகளும் கத்தோலிக்கரும் அன்று அவர்மீது சுமத்திய குற்றச்சாட்டையே இன்றைய ஆய்வேடுகள் அத்தத்துவத்தின் வரையறையாக ஏற்றுக்கொண்டுள்ளன. மறுக்கப்பட்ட பழி இலக்கணமாகிவிட்டது.

பெயரும் பெயரை மறுத்தோரும்

பட்டியல் முறையின் மற்றொரு பிழை, ஒன்றோடொன்று மாறுபட்டு நின்றவர்களை ஒரே பள்ளியில் அமர்த்துவதாகும். கீர்க்ககார்டு கிறித்தவ நம்பிக்கையின் உள்ளிருந்து எழுதியவர். சார்த்தர் கடவுள் இல்லை என்னும் நிலைப்பாட்டிலிருந்து தொடங்கியவர். ஹைடெகர் 1947இல் வெளியான தம் கடிதக் கட்டுரையில் சார்த்தரின் விளக்கத்திலிருந்து தம்மை விலக்கிக்கொண்டார். காம்யு தாம் இருத்தலியலாளர் அல்லர் என்று 1945ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் வெளிப்படையாகவே கூறினார். 1942இல் வெளிவந்த ‘சிசிஃபஸின் தொன்மம்’ என்னும் நூலிலேயே கீர்க்ககார்டு முதலியோர் அபத்தத்தைக் கண்டபின் அதிலிருந்து நம்பிக்கைக்குத் தாவிவிடுகின்றனர் என்று அவர் குறைகூறியிருக்கிறார்.

இவ்வேறுபாடுகள் நுணுக்கமான தத்துவச் சிக்கல்கள், இலக்கிய ஆய்விற்கு வேண்டாதவை என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. மரணம் என்னும் கூற்றையே எடுத்துக்கொள்ளலாம். தன் சாவை எதிர்கொண்டு நிற்பதே மனித இருப்பிற்கு அதன் முழுமையைத் தருகிறது என்பது 1927இல் வெளியான ஹைடெகர் நூலின் நிலைப்பாடு. சார்த்தர் 1943இல் வெளியிட்ட ‘இருப்பும் இன்மையும்’ என்னும் நூலில் இதனை மறுத்தார். சாவு என் சாத்தியங்களுள் ஒன்றன்று. என் சாத்தியங்கள் அனைத்தையும் வெளியிலிருந்து வந்து துடைத்துவிடும் நிகழ்வு. எனவே அது வாழ்விற்குப் பொருள் தர இயலாது என்பது அவர் வாதம். இவ்விரண்டனுள் எந்த நோக்கில் ஒரு தமிழ்ப் புதினத்தின் சாவு படைக்கப்பட்டுள்ளது என்று கேட்டால் அது ஆய்வு. சாவு வருகிறது, எனவே இருத்தலியல் என்றால் அது கணக்கெடுப்பு.

நிலையாமையும் சுதந்திரமும்

இதனோடு சேர்த்து நோக்கத்தக்க மற்றொரு வழக்கம், இருத்தலியல் தமிழில் முன்னரே உண்டு என்று காட்டும் ஒப்பீடு. தமிழ்த்துறையினருக்கு இயல்பாக எழும் ஆர்வம் இது. காஞ்சித்திணைப் பாடல்களும், சித்தர் பாடல்களும், கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடலும் இதற்குச் சான்றாக வரிசைப்படுத்தப்படுகின்றன.

புறம் 192 இத்தகைய ஒப்பீட்டிற்கு எதிரான சான்றாகவே நிற்கிறது. நன்மையும் தீமையும் மற்றவர் தருவன அல்ல என்னும் அப்பாடலின் கருத்தைத் தனியே பிரித்தெடுத்தால் அது பொறுப்பைப் பேசுவதாகத் தோன்றும். ஆனால் பாடல் அதற்குக் காட்டும் காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெருகி ஓடும் ஆற்றில் செல்லும் தெப்பமே அங்கு உயிருக்கு உவமை. நீரின் போக்கே தெப்பத்தின் போக்கு. வாழ்வு முறைவழிப்பட்டது என்று தெளிந்தமையாலேயே பெரியோரை வியவாமலும் சிறியோரை இகழாமலும் இருக்கும் உயர்ந்த மனநிலை அங்கே பிறக்கிறது. அது சிறந்த அறம். ஆனால் அது சார்த்தரின் சுதந்திரத்திற்கு நேர்மாறான அடித்தளத்தின்மேல் எழுந்தது. தெப்பமாக இருப்பதற்கு மனிதனுக்கு உரிமையில்லை என்பதே சார்த்தரின் வாதம். நீரின்மேல் பழிபோட்டு நகர்வதை அவர் தன்னையே ஏய்த்துக்கொள்ளுதல் என்று அழைத்திருப்பார்.

காஞ்சியின் நிலையும் இத்தகையதே. தொல்காப்பியர் காஞ்சியைப் பெருந்திணையின் புறனாக வைத்து, நிலையாமையை அதன் பொருளாக்கினார். எல்லாம் அழியும், ஆகவே பற்றை விடுக என்றோ, ஆகவே அறம் செய்க என்றோ அம்மரபு அறிவுறுத்தும். செய்ய வேண்டிய அறம் எது என்பதில் அங்கு ஐயமில்லை. இருத்தலியல் தொடங்குவதோ அவ்வையத்தில். இவ்விரு மரபுகளின் மாறுபாட்டை ஆராய்ந்தால் இரண்டும் விளக்கம் பெறும். ஒற்றுமை காட்டும் அவசரத்தில் பூங்குன்றனாரும் சிதைகிறார், சார்த்தரும் சிதைகிறார்.

திறந்த கதவு

சுதந்திரம் என்பதை இருத்தலியல் இலக்கியம் எவ்வாறு காட்டுகிறது என்பதற்குச் சார்த்தரின் ‘மீள முடியுமா?’ நாடகமே தக்க சான்று. 1944இல் முதன்முதலாக மேடையேறிய இந்நாடகத்தில் இறந்துபோன மூவர் ஓர் அறையில் அடைக்கப்பட்டிருக்கின்றனர். பிறரே நரகம் என்னும் கருத்தில் அமைந்த அதன் புகழ்பெற்ற ஒரு வரியை எடுத்துக்காட்டி, மனித உறவுகளின்மீது இருத்தலியலுக்கு நம்பிக்கையில்லை என்று முடிவு கட்டுவது வழக்கம். அவ்வரி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றும், உறவு திரிந்து கெட்டுப்போன நிலையில்தான் பிறர் நரகமாகின்றனர் என்றும் சார்த்தரே பின்னர் விளக்கினார்.

ஆனால் அவ்வரியைக் காட்டிலும் முதன்மையானது நாடகத்தின் ஒரு நிகழ்ச்சி. கார்சேன் என்னும் பாத்திரம் வெளியேற வேண்டும் என்று கதவை விடாது தட்டுகிறான். கதவு திறந்துகொள்கிறது. அவன் போகவில்லை, மற்ற இருவரும் போகவில்லை. தான் கோழையல்லன் என்னும் சான்றிதழைப் பிறர் வாயால் பெற வேண்டும் என்பதற்காக அவன் அவ்வறையிலேயே தங்கிவிடுகிறான். அடைபட்டவர்களின் நாடகம் என்று தோன்றுவது, திறந்த கதவைப் பயன்படுத்தாதவர்களின் நாடகமாக மாறும் இடம் இது. விரக்திப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர் கண்ணுக்கு இக்கதவு தென்படுவதில்லை. பட்டியலில் கதவு இல்லை.

காம்யு சார்த்தரிடமிருந்து வேறுபட்டவர் எனினும், 1947இல் வெளிவந்த அவருடைய ‘கொள்ளைநோய்’ புதினத்திலும் இதனை ஒத்த ஓர் இடம் உண்டு. நோயின் பொருட்டு மூடப்பட்ட ஒரான் நகரில் அகப்பட்டுக்கொண்ட ராம்பேர் என்னும் பத்திரிகையாளன் தன் காதலியிடம் தப்பிச் செல்ல நாள்கணக்கில் வழி தேடுகிறான். வழி கிடைக்கும் வேளையில் நகரிலேயே தங்கி நோயாளிகளுக்குப் பணியாற்ற முடிவு செய்கிறான். எவரும் அவனை வற்புறுத்தவில்லை. மருத்துவர் ரியே அவன் தப்பிச் செல்ல நினைத்ததைக் குற்றமாகவும் கருதவில்லை. சாவு சூழ்ந்த நகரத்தைக் கண்டு அபத்தம் என்று குறித்துக்கொண்டு நகரும் ஆய்வு, அந்நகரத்தின் நடுவே ஒருவன் எடுத்த முடிவைக் காணத் தவறுகிறது.

கடற்கரையில் பெயரற்றவன்

சுதந்திரத்தைப் பேசும்போது அதன் எல்லையையும் பேசியாக வேண்டும். இருத்தலியலை எதிர்த்தோர் வைத்த வலுவான கேள்வி, எவருடைய சுதந்திரம் என்பது. காம்யுவின் ‘அந்நியன்’ 1942இல் பிரெஞ்சில் வெளிவந்தது. மெர்சோ அல்ஜீரியக் கடற்கரையில் ஓர் அரபியரைச் சுட்டுக்கொல்கிறான். நீதிமன்றமோ தாயின் இறுதிச்சடங்கில் அவன் அழாததையே பெரிதாக விசாரிக்கிறது. தன் உணர்ச்சியைக் குறித்துப் பொய் சொல்ல மறுத்தமைக்காக அவன் தண்டிக்கப்படுகிறான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அது உண்மையே. ஆனால் கொல்லப்பட்டவருக்குப் புதினம் முழுவதிலும் பெயரில்லை என்பதும் உண்மை.

அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத் 2013இல் வெளியிட்ட புதினம் இவ்விடத்திலிருந்தே தொடங்கிற்று. அவர் கொல்லப்பட்டவருக்கு மூசா என்று பெயரிட்டு, அவர் தம்பி ஹாரூனைக் கதைசொல்ல வைத்தார். ஆசிரியர் மெர்சோவின் அந்நியமாதலை எத்தனை பக்கம் விவரித்தாலும், அந்நிலத்தில் உண்மையில் அந்நியமாக்கப்பட்டவர் எவர் என்னும் வினா எஞ்சும். தமிழ் ஆய்வேடுகளில் மெர்சோ அடிக்கடி வருகிறான். அக்கடற்கரையில் வீழ்ந்தவர் அநேகமாக வருவதில்லை.

இக்கேள்வியை இருத்தலியல் மரபே தன்னுள் எழுப்பிக்கொண்டது. சிமோன் த பொவ்வார் 1947ஆம் ஆண்டு நூலில், தன் சுதந்திரத்தை விரும்புவோர் பிறர் சுதந்திரத்தையும் விரும்பியாக வேண்டும் என்று வாதிட்டார். 1949இல் வந்த ‘இரண்டாம் பாலினம்’ பெண்ணின் சூழ்நிலை அவள் சுதந்திரத்தை எவ்வாறு குறுக்குகிறது என்பதை விரிவாக ஆராய்ந்தது. கறுப்பினக் கவிதை குறித்துச் சார்த்தர் 1948இல் எழுதிய முன்னுரையை, ஃபிரான்ஸ் ஃபனோன் 1952இல் வெளியிட்ட தம் நூலில் கடுமையாக விமரிசித்தார். கறுப்பரின் அனுபவத்தை வரலாற்றின் இடைப்படியாகச் சார்த்தர் சுருக்கிவிட்டார் என்பது அவர் குறை. சூழ்நிலை இன்றிச் சுதந்திரம் இல்லை. சூழ்நிலை எல்லாருக்கும் ஒன்றாகவும் இல்லை. சாதியும் பால்வேறுபாடும் சூழ்நிலையாக அமைந்த இந்தியச் சமூகத்தில் இருத்தலியலைப் பயன்படுத்துவோர் கற்றிருக்க வேண்டிய பாடம் இதுவே.

சந்திரி செய்தது

இந்திய மொழிகளுள் இப்பாடத்தைத் தெளிவாகக் காட்டும் புதினம் யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’. கன்னடத்தில் 1965இல் வெளிவந்து, ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பால் 1976க்குப் பின் உலகறிந்தது. இந்தியாவில் இருத்தலியல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதனைச் சுட்டுவர்; பிராணேசாச்சாரியரின் மனநெருக்கடியை இருத்தலியல் நெருக்கடி என்பர். ஆனால் எந்த இடத்தில் எவர் தேர்ந்தார் என்று கேட்டுப் படித்தால் வேறொரு புதினம் புலப்படும்.

துர்வாசபுர அக்கிரகாரத்தில் ஆசாரங்களை மீறி வாழ்ந்த நாரணப்பா இறந்துவிடுகிறான். அவனுக்கு ஈமக்கடன் செய்வது யார் என்பது சிக்கல். அக்கிரகாரத்தார் முடிவை ஆச்சாரியரிடம் விடுகின்றனர். ஆச்சாரியர் சாத்திர நூல்களிடம் விடுகிறார். நூல்களில் விடை இல்லை. பின்னர் மாருதி கோயிலில் கடவுளிடம் விடுகிறார். அங்கும் விடை இல்லை. இறந்தவன் உடல் கிடந்து நாறுகிறது. முடிவு கைமாறிக்கொண்டே போகிறது, எவரும் முடிவெடுக்கவில்லை.

1945ஆம் ஆண்டு உரையில் சார்த்தர் சொன்ன ஒரு நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத்தக்கது. போர்க்காலத்தில் தாயைத் துணையின்றி விட்டுச் செல்வதா, விடுதலைப் படையில் சேர்வதா என்று கலங்கிய மாணவன் ஒருவன் அவரிடம் அறிவுரை கேட்டு வந்தான். எந்த அறநூலும் இதற்கு விடை சொல்லாது. நீயே தேர்ந்துகொள் என்பதே அவர் தந்த மறுமொழி. அறிவுரை கேட்க எவரை நாடுகிறோம் என்பதிலேயே நம் தேர்வு அடங்கியுள்ளது என்றும் அவர் விளக்கினார். ஆச்சாரியர் நாடிய இடங்கள் யாவும் அவரைத் தேர்விலிருந்து காப்பாற்றக்கூடியவை.

இதற்கிடையில் செயலாற்றியவள் ஒருத்தி உண்டு. நாரணப்பாவோடு வாழ்ந்த தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணாகிய சந்திரி, தன் நகைகளைக் கழற்றி ஈமச்செலவுக்கு வைக்கிறாள். நகைகளைக் கண்டு அக்கிரகாரத்தில் ஆசை எழுகிறதே தவிரப் பிணம் எடுக்கப்படவில்லை. இறுதியில் இசுலாமியர் ஒருவரின் உதவியோடு அவளே இரவில் உடலை எரியூட்டச் செய்கிறாள். சாத்திரம் அவளுக்கு அவ்வுரிமையைத் தரவில்லை. எவரும் அவளைக் கேட்கவும் இல்லை. செய்ய வேண்டியதைக் கண்டு செய்துவிட்டு அவள் அகன்றுவிடுகிறாள். எரியூட்டல் முடிந்தது என்பதை அறியாமலே அக்கிரகாரம் விவாதத்தைத் தொடர்கிறது.

காட்டில் சந்திரியோடு கூடியதை ஆச்சாரியர் பின்னர் எண்ணிப் பார்க்கும் பகுதி இப்புதினத்தின் தத்துவ மையம். அது தானாக நேர்ந்தது என்று தள்ளிவிட அவரால் இயலவில்லை. தான் தேர்ந்தது என்று முழுமையாக ஏற்கவும் இயலவில்லை. துர்வாசபுரத்திற்குத் திரும்பும் வண்டியில் அவர் ஏறுவதோடு புதினம் நிறைவடைகிறது; போய் உண்மையைச் சொன்னாரா என்பது கூறப்படவில்லை. ஆய்வேடுகள் இக்கலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சந்திரியை அவர் நெருக்கடிக்குக் காரணமான பெண்ணாக நிறுத்திவிடுகின்றன. கற்றறிந்த ஆணின் தயக்கம் தத்துவமாகிறது. தாழ்த்தப்பட்ட பெண்ணின் துணிவு நிகழ்ச்சியாகிவிடுகிறது. மெர்சோவுக்குத் தத்துவமும் அரபியருக்குப் பெயரின்மையும் பங்கிட்டுக் கொடுத்த அதே கணக்கு இங்கும் நடக்கிறது. சந்திரிக்குத் தனிமொழி குறைவு. சலிப்பைச் சொல்லும் பக்கங்கள் இல்லை. ஆகவே பட்டியலில் அவளுக்கு இடமில்லை.

கங்கா விடுபட்ட காரணம்

தமிழிலும் இதே விடுபாடு நிகழ்ந்துள்ளது. இருத்தலியல் என்றதும் மௌனி, நகுலன், ஜி. நாகராஜன், சுந்தர ராமசாமி ஆகியோர் பெயர்கள் எழும். ஜெயகாந்தன் பெயர் எழுவது அரிது. அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் வெளிவந்தது. மழைநாளில் ஏமாற்றப்பட்டு வந்த மகளின்மேல் தாய் நீரூற்றிக் குளிப்பாட்டி, அவளைத் தூயவள் என்று ஏற்கும் முடிவு பெரும் சர்ச்சையை எழுப்பியது. அத்தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் வினாவிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. 1972இல் அது சாகித்திய அக்காதெமி விருது பெற்றது.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பொருள்; பொருளைத் தந்தது நிகழ்ச்சியன்று, ஒரு தாயின் செயல். நிகழ்ந்தவற்றிற்குத் தாமே பொருள் இல்லை, மனிதர் தம் தேர்வால் பொருள் தருகின்றனர் என்னும் இருத்தலியல் கருத்தை இதனினும் எளிதாக விளக்கும் இரட்டைப் படைப்பைக் காண்பது கடினம். புதினத்தின் கங்கா படித்து, பதவியில் அமர்ந்து, பொருளாதாரத்தில் எவரையும் சாராதவள். அவள் வைப்பாட்டியாக வாழலாமே அன்றி மனைவியாக முடியாது என்று இழித்துரைக்கும் மாமாவின் சொல்லை அவள் எடுத்துக்கொண்டு, தன்னைக் கெடுத்தவனையே தேடிக் கண்டுபிடிக்கிறாள். உடலுறவு ஏதுமின்றி, அவனுடைய வைப்பாட்டி என்னும் பெயரைத் தானே ஊரார்முன் அணிந்துகொள்கிறாள்.

இது சுதந்திரமா? அன்றிச் சுதந்திரத்திலிருந்து தப்பும் வழியா? பழிச்சொல்லையே கேடயமாக்கி அவள் மாமாவின் பிடியிலிருந்து விடுபடுகிறாள். அதே பெயரால் வேறு எந்த வாழ்வையும் தேர்ந்துகொள்ளும் கடமையிலிருந்தும் விலகிக்கொள்கிறாள். தன்னையே ஏய்த்துக்கொள்ளுதல் என்னும் கருத்தும், பெண்ணின் சூழ்நிலை குறித்துப் பொவ்வார் எழுதியவையும் கங்காவை விளக்க உதவும். அதைவிட முக்கியமாக, இக்கருத்துகள் எங்கே போதாமல் போகின்றன என்பதையும் கங்கா காட்டக்கூடும். பாரிசின் சிற்றுண்டிச்சாலைப் பணியாளர் தம் வேடத்தில் ஒன்றிப்போவதாகச் சார்த்தர் காட்டிய எடுத்துக்காட்டு வேறு. ஒரு பெண் தனக்குத் தரப்பட்ட இரண்டே பெயர்களுள் ஒன்றை ஏற்பது வேறு. இத்தகைய ஆய்வே தமிழிலிருந்து அத்தத்துவத்திற்குத் தரத்தக்க பங்களிப்பு. கங்கா தெளிவாகப் பேசுபவள், வாதிடுபவள், மூட்டமான மொழியில் முணுமுணுக்காதவள் என்பதனால் அவ்வாய்ப்பு கைநழுவிப் போயிற்று.

பாமாவின் ‘கருக்கு’ மற்றொரு சான்று. 1992இல் வெளிவந்த இந்நூல் தலித்திய ஆய்வில் உரிய இடம் பெற்றுள்ளது. ஏழை ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பணியாற்றும் எண்ணத்தோடு துறவற மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி நிலவுவதைக் கண்டு, பாதுகாப்பான அவ்வாழ்வை விட்டு வேலையும் பொருளும் உறுதியில்லாத வெளியுலகிற்குத் திரும்பும் முடிவு அந்நூலின் உயிர்நிலை. தேர்வு, அச்சம், பொறுப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம். எனினும் இருத்தலியல் ஆய்வுகள் இந்நூலை அணுகத் துணிவதில்லை. இருத்தலியல் தனிமனிதரின் மனம் பற்றியது, தலித்தியம் சமூகம் பற்றியது என்னும் வசதியான பாகப்பிரிவினையே இதற்குக் காரணம்.

எதிர்வாதங்கள்

இங்குக் கூறியவற்றிற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது, மௌனியிடமும் நகுலனிடமும் தனிமையும் வெறுமையும் உண்மையாகவே உள்ளன. அவற்றை ஆராய்வது எப்படித் தவறாகும் என்பது. தவறாகாது. அவ்வுணர்ச்சிகளை அவ்வெழுத்தின் மொழியிலும் கதைகூறும் முறையிலும் வைத்து ஆராய்வது தேவையான பணி. அதற்கு இருத்தலியல் என்னும் பெயர் இன்றியமையாததா என்பதே வினா. மௌனியின் கதைகளில் விதியும் கனவும் பெறும் இடத்தை நோக்கினால் அவர் சார்த்தருக்கு மிகத் தொலைவில் நிற்பது தெரியவரும். அத்தொலைவு அவருக்குக் குறையன்று. பெயரை நீக்கினால் மௌனி சிறுத்துவிட மாட்டார். ஒருவேளை அவர் அவராகவே தெரியத் தொடங்கலாம்.

இரண்டாவது, இருத்தலியலே நடுத்தர வர்க்கத்தின் தன்மையச் சிந்தனை, அதன் சுதந்திரம் வெறும் அகவய மயக்கம் என்னும் மார்க்சியத் திறனாய்வாளர் சிலரின் கருத்து. ‘இருப்பும் இன்மையும்’ நூலில் சூழ்நிலையின் பாரம் குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதில் உண்மை உண்டு. 1960இல் வெளிவந்த ‘இயங்கியல் பகுத்தறிவின் விமரிசனம்’ என்னும் நூலில் சார்த்தரே வரலாற்றையும் பற்றாக்குறையையும் கணக்கில் எடுத்து மார்க்சியத்தோடு உரையாட முற்பட்டார். ஆகவே இம்மறுப்பு, தத்துவத்தின் ஒரு கட்டத்தைச் சாடுகிறதே ஒழிய முழுமையை அன்று. மேலும், அமைப்பே அனைத்தையும் தீர்மானிக்கிறது என்றால் சந்திரியின் செயலுக்கு விளக்கம் தர இயலாது. அக்கிரகாரத்தின் எல்லாச் சட்டங்களும் அவளுக்கு எதிராக இருந்தன; அவள் செய்தாள்.

மூன்றாவது, தேர்வும் பொறுப்பும் எல்லாக் கதைகளிலும் உண்டு, எனவே தனிமையைப் போன்றே இதுவும் எல்லாவற்றிற்கும் பொருந்திவிடும் என்பது. கதைமாந்தர் முடிவெடுப்பது எங்கும் உண்டு. ஆனால் சரியான முடிவு இது என்று காட்டும் அளவுகோல் இல்லாத நிலையில் முடிவெடுப்பது எங்கும் இல்லை. கண்ணகி மதுரையில் வழக்குரைத்தபோது நீதி எது என்பதில் அவளுக்கு ஐயமில்லை; அரசனுக்கும் உண்மை தெரிந்தபின் ஐயமில்லை. அளவுகோல் முறிந்துபோன இடத்தில் மனிதர் என்ன செய்கின்றனர் என்பதே நவீன இலக்கியத்திற்கு உரிய வினா. இவ்வெல்லையை வகுத்துக்கொண்டால் ஆய்வு எல்லாவற்றிற்கும் பொருந்தும் பட்டியலாகத் தாழாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: இருத்தலியலை உணர்ச்சிகளின் தொகுப்பாகக் கொள்வது அத்தத்துவத்தின் மீது அன்று சுமத்தப்பட்ட பழியை அதன் வரையறையாக்குவதாகும். நிலையாமையோடு அதனை ஒன்றாக்குவது இரு மரபுகளையும் சிதைப்பதாகும். உணர்ச்சியை மட்டும் தேடும் ஆய்வு, தம் உணர்ச்சியை விரித்துரைக்கும் வாய்ப்புப் பெற்ற பாத்திரங்களையே காணும். செயலாற்றியவர்களை, அவர்களுள்ளும் பெண்களையும் ஒடுக்கப்பட்டோரையும், காணாது விட்டுவிடும்.

இனி ஒரு படைப்பை இருத்தலியல் நோக்கில் ஆராய முற்படுவோர் நான்கு வினாக்களை எழுப்புதல் தகும். இப்படைப்பில் விடை தரவல்ல நூலோ வழக்கமோ எங்கே வாய்மூடி நிற்கிறது? அந்நிலையில் முடிவெடுத்தவர் எவர், முடிவைப் பிறரிடம் தள்ளியவர் எவர்? முடிவெடுத்தவருக்குச் சாதியும் பாலும் வறுமையும் எவ்வளவு இடம் விட்டுவைத்தன? அம்முடிவின் விலையை யார் கொடுத்தார்? இவற்றிற்கு விடை காண ஆய்வாளர் படைப்பை முழுமையாகப் படித்தாக வேண்டும். கூறுகளுக்கு ஏற்ற மேற்கோள்களைப் பொறுக்கி எடுப்பது போதாது.

நெறியாளர் ஏற்றது, முந்தைய ஆய்வேடுகளில் உள்ளது, வாய்மொழித் தேர்வில் வினா எழாதது என்னும் காரணங்களால் பட்டியல் தொடர்கிறது. சுதந்திரம் குறித்து ஆராய வந்தவர்கள் தம் ஆய்வுமுறையைத் தாமே தேர்ந்துகொள்ளாமல் வழக்கத்திடம் விட்டுவிடுவது, துர்வாசபுரத்து அந்தணர்கள் ஆச்சாரியரின் திண்ணையில் காத்திருந்ததற்கு ஒப்பாகும். பிணத்தை யாரேனும் எடுத்தாக வேண்டும்.